நாடி கிடைக்காத கையும் நிறைமாதமும்

டகயாசு தமனி அழற்சி பிள்ளை பெறும் வயதுப் பெண்களைத் தேடி வரும் நோய். பதினைந்து வயதுக்கும் நாற்பதுக்கும் இடையில் அது தொடங்கும். பெருந்தமனியின் சுவரும், அதிலிருந்து கைக்கும் கழுத்துக்கும் சிறுநீரகத்துக்கும் பிரிகிற கிளைகளின் சுவரும் அழற்சியால் தடித்து, உள்வழி குறுகிவிடும். 1908-இல் ஜப்பானியக் கண் மருத்துவர் மிகிதோ டகயாசு ஓர் இளம்பெண்ணின் விழித்திரையில் இரத்தக்குழாய்கள் மாறுபட்டுப் பின்னிக் கிடந்ததை ஒரு மருத்துவக் கூட்டத்தில் எடுத்துச் சொன்னார். அங்கிருந்த வேறு இருவர் தங்களிடமும் அப்படிப்பட்ட நோயாளி உண்டு, மணிக்கட்டில் நாடியே கிடைக்கவில்லை என்றார்கள். நூறாண்டுக்கு மேலாகியும் இந்த நோயின் முதல் தடயம் அதுதான்: நாடி கிடைக்காத கை. கர்ப்பத்தில் வரும் தொல்லைகளில் பெரும்பகுதியும் அந்தக் கையிலிருந்துதான் தொடங்குகிறது.

உலகக் கணக்கில் அரிய நோய். இந்தியா, ஜப்பான், கொரியா, துருக்கி ஆகிய நாடுகளில் கொஞ்சம் கூடுதல். ஜப்பானியப் பெண்களுக்குக் கழுத்துக்கும் கைக்கும் போகும் கிளைகள் அதிகம் பாதிக்கப்படும். இந்தியப் பெண்களுக்கு வயிற்றுப் பெருந்தமனியும் சிறுநீரகத் தமனியும் சுருங்குவது அதிகம். அதனால் இங்கே நோயாளி இரத்த அழுத்தத்தோடு வருகிறார். இந்த ஒரு வேறுபாடே கர்ப்ப காலப் பராமரிப்பின் போக்கை மாற்றிவிடும்.

திருப்பத்தூர் மாவட்டத்துப் பெண்களுக்கு ஒரு வாய்ப்பு உண்டு. ஆம்பூரிலிருந்து ஒரே பஸ்ஸில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குப் போய்விடலாம். வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் நோயாளிகள் ரயிலேறி காட்பாடியில் வந்து இறங்கும் மருத்துவமனை அது. மற்ற ஊர் மருத்துவர் பணிக்காலம் முழுவதும் ஓரிருவரைப் பார்க்கக்கூடிய இந்த நோயை, டாக்டர் தேபாசிஷ் தண்டா வளர்த்தெடுத்த அதன் வாதநோய்த் துறை நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறது. நோய் எரிகிறதா அடங்கியிருக்கிறதா என்று மதிப்பெண் போட்டுப் பார்க்க இந்திய மருத்துவர்கள் உருவாக்கிய ‘ஐட்டாஸ் 2010’ அளவுகோலிலும் வேலூருக்குப் பங்கு உண்டு. அது 2013-இல் வெளியானது. ஸ்கேன் வசதி குறைந்த இடத்திலும் கையால் தொட்டு, ஸ்டெதஸ்கோப்பால் கேட்டு, நோயை அளக்கும் முறை என்பதால் மாவட்ட மருத்துவர்களுக்கு அது நேரடியாக உதவுகிறது.

தோல் பதனிடும் ஊர்களில் இந்த நோய் வெகுநாள் வேறு பெயர்களில் ஒளிந்திருந்தது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஷூ கம்பெனிகளில் அப்பர் தைக்கும் பிரிவில் பெண்கள்தான் அதிகம். நாள் முழுக்க இரண்டு கையையும் மேசைமேல் நீட்டி வைத்து வேலை. இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி, “கை கழண்டு விழற மாதிரி இருக்கு” என்றால், மெஷினில் உட்கார்ந்து உட்கார்ந்து வந்த அசதி என்று வீட்டிலும் சொல்வார்கள், மருந்தகத்திலும் சொல்வார்கள். வலி மாத்திரையும் வைட்டமினும் கொடுத்து அனுப்புவது வழக்கம். கையை உயர்த்தித் துணி உலர்த்தும்போது மட்டும் வலி ஏறி, கையைத் தொங்கவிட்டால் இறங்குகிறதா என்று கேட்டிருந்தால் வழி திறந்திருக்கும். இரத்தம் போதாத கைக்கு வேலை கொடுத்தால் வலிக்கும், ஓய்வு கொடுத்தால் வலி போய்விடும்.

இன்னொரு ஒளிவிடம் காசநோய். மாலையில் லேசான காய்ச்சல், உடம்பு மெலிவு, இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர். நூறைத் தொடுவது, காசநோய்ச் சோதனைக்காகக் கையில் போட்ட மேண்டூ ஊசி தடிப்பது எனக் காசநோயின் அடையாளங்கள் எல்லாம் இதற்கும் உண்டு. காசநோய்தான் டகயாசுவைத் தூண்டுகிறது என்று இந்தியாவில் பல காலம் நம்பினார்கள். அது இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை. ஆறு மாதம் காசநோய் மாத்திரை சாப்பிட்டும் இ.எஸ்.ஆர். இறங்காத இளம்பெண்ணின் இரண்டு மணிக்கட்டையும் ஒரே நேரத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும் என்பது இந்தப் பகுதி மருத்துவர்கள் நாளாவட்டத்தில் கற்றுக்கொண்ட பாடம்.

கண்டுபிடிக்கப்படாமலே கல்யாணம் ஆகிக் கர்ப்பமாகிறவர்களின் கதை வேறு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதல் பரிசோதனை. டிஜிட்டல் பி.பி. கருவியை இடக்கையில் கட்டினால் ‘எர்ரர்’ என்று காட்டும். பேட்டரியை மாற்றுவார்கள். மறுபடியும் ‘எர்ரர்’. வலக்கையில் கட்டினால் 90/60. “பிரஷர் கம்மியா இருக்கு, நல்லா சாப்பிடும்மா” என்று எழுதி அனுப்புவார்கள். அதே பெண்ணைப் படுக்கவைத்துத் தொடையில் பெரிய பட்டையைக் கட்டியிருந்தால் 180-க்கு மேல் காட்டியிருக்கும். மாதாமாதம் அட்டையில் 90/60 என்றே ஏறும். எட்டாம் மாதத்தில் தலைவலி, கண்மங்கல், பிறகு வலிப்பு. ‘திடீர் ஜன்னி’ என்று கொண்டுவந்து சேர்ப்பார்கள். அதில் திடீர் என்று எதுவும் இல்லை. அழுத்தம் எட்டு மாதமும் உடம்புக்குள் இருந்தது. பட்டை கட்டிய இடம்தான் தவறு.

கைக்குப் போகும் தமனி சுருங்கியிருந்தால், சுருக்கத்துக்கு அப்பாலுள்ள அழுத்தத்தையே கருவி காட்டும். இதயமும் மூளையும் சிறுநீரகமும் தாங்கும் அழுத்தம் அதைவிட எவ்வளவோ கூடுதலாக இருக்கலாம். வயிற்றுப் பெருந்தமனி சுருங்கியிருந்தால் இதுவே தலைகீழ்: கை சரியாகச் சொல்லும், கால் குறைத்துக் காட்டும். ஆரோக்கியமானவரைப் படுக்கவைத்து அளந்தால் தொடை அழுத்தம் கையைவிடக் குறைந்தது 10 முதல் 20 வரை கூடுதலாக இருக்கும் என்பதை மனத்தில் வைத்துத்தான் கால் கணக்கைப் படிக்க வேண்டும். ஆகவே முதல் நாளே நான்கு கைகால்களிலும் அளந்து, ஆஞ்சியோ படத்தோடு ஒப்பிட்டு, எந்த உறுப்பு உண்மை சொல்கிறது என்று முடிவு கட்டுவதுதான் முதல் வேலை. மேலேயும் கீழேயும் சுருக்கம் உள்ள சிலருக்கு நான்குமே பொய் சொல்லும். அவர்களுக்குக் குழாய் செலுத்திப் பெருந்தமனிக்குள்ளேயே அளந்த அழுத்தம்தான் ஆதாரம். எக்கோவில் இதயச் சுவரின் தடிப்பும் விழித்திரையின் நிலையும் அதற்குத் துணைச் சாட்சி.

தமிழ்நாட்டில் கர்ப்பிணிக்குப் பிக்மி என்ற பதிவு எண் உண்டு, தாய்சேய் நல அட்டை உண்டு, வீடு தேடி வரும் கிராம சுகாதாரச் செவிலியர் உண்டு. இவ்வளவு நல்ல ஏற்பாட்டிலும் எந்தக் கையில் அளந்தது என்று எழுதத் தனிக் கட்டம் கிடையாது. சிறப்பு மருத்துவமனையின் கோப்பில் விவரம் முழுதாக இருக்கும். பிரசவ வார்டில் இரவுப் பணியிலிருக்கும் செவிலியருக்கு அது தெரியாது. அனுபவப்பட்டவர்கள் அட்டையின் முதல் பக்கத்தில் சிவப்பு மையால் பெரிதாக எழுதிவிடுவார்கள்: ‘இடக்கையில் பி.பி. பார்க்க வேண்டாம். வலத் தொடையில் மட்டும்.’ விலையுயர்ந்த மருந்துகளுக்கு இணையாக உயிர் காத்த வரி இது என்று சொன்னால் மிகையில்லை.

கர்ப்பத்துக்கு முந்தைய காலத்தைப் பற்றிய எண்ணம்தான் கடந்த முப்பது ஆண்டுகளில் அதிகம் மாறியது. முன்பெல்லாம் “இந்த உடம்போடு பிள்ளை வேண்டாம்” என்பதே பெரும்பாலும் மருத்துவரின் வாக்கு. கருவுற்று வந்தால் கலைக்கச் சொல்வார்கள். கல்யாணமாகி இரண்டு வருடமாகிவிட்ட மருமகளுக்கு அந்த வாக்கு என்ன செய்தது என்பதை இந்தப் பகுதியில் விளக்க வேண்டியதில்லை. சிலர் சொல்லாமல் கொள்ளாமல் மாத்திரையை நிறுத்திவிட்டுக் கருத்தரித்தார்கள். நோய் எரிந்துகொண்டிருக்கும்போது மருந்தில்லாத கர்ப்பம் என்பது இருப்பதிலேயே கெட்ட வழி. கூடாது என்ற கண்டிப்புதான் அவர்களை அந்த வழியில் தள்ளியது. நோய் அடங்கியிருக்கும்போது திட்டமிட்டுக் கருத்தரித்தால் பெரும்பாலான பெண்கள் உயிருள்ள குழந்தையோடு வீடு திரும்புகிறார்கள் என்பது பிறகு உலகெங்கும் தெளிவாயிற்று. கர்ப்பம் பொதுவாக அழற்சியைக் கூட்டுவதில்லை. ஏற்கெனவே நேர்ந்துவிட்ட சுருக்கங்கள்தான் கர்ப்பத்தின் பாரத்தைத் தாங்கத் தடுமாறுகின்றன.

திட்டமிடுவது என்றால் குறைந்தது ஆறு மாதமாவது நோய் அடங்கியிருக்க வேண்டும். அதற்குள் மருந்துகளை மாற்ற வேண்டும். வேலூரில் டகயாசு நோயாளிகளுக்கு நல்ல பலன் தந்ததாக 2010-இல் பதிவான மைக்கோஃபினோலேட், கருவின் காதையும் முகத்தையும் ஊனப்படுத்தக்கூடியது. கருத்தரிக்கும் முன் குறைந்தது ஆறு வாரமாவது அதை நிறுத்தியிருக்க வேண்டும். மீத்தோட்ரெக்சேட்டை மூன்று மாதம் முன்பே நிறுத்துவது இங்குள்ள வழக்கம். அவற்றின் இடத்தில் அசாதியோப்ரின், உடல் எடையில் கிலோவுக்கு 2 மில்லிகிராம் வரை. கூடவே முடிந்தவரை குறைந்த அளவில் ப்ரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு. மாற்றிய மருந்தில் நோய் அடங்கியே இருக்கிறதா என்று சில மாதம் பார்த்த பிறகுதான் கருத்தரிக்கச் சொல்வார்கள். சிறுநீரகத் தமனி இறுகியிருந்தால் பலூன் வைத்து விரிப்பதையும் இந்த இடைவெளியில் முடித்துவிட வேண்டும். பெருந்தமனியில் வீக்கம், இதய வால்வில் கடுமையான கசிவு, இதயச் செயலிழப்பு, நுரையீரல் தமனியில் உயர் அழுத்தம், சிறுநீரகம் பெரிதும் பழுதுபட்ட நிலை: இவை இருந்தால் இன்றும் வேண்டாம் என்றுதான் சொல்ல வேண்டும். அதை மாமியாரையும் கணவரையும் உட்காரவைத்துச் சொல்ல வேண்டும். பெண்ணிடம் மட்டும் சொல்லி அனுப்பினால் வீட்டில் அவர் சொல் எடுபடாது.

கருத்தரித்ததும் முதலில் கைவைக்க வேண்டியது பிரஷர் மாத்திரையில். எனலாப்ரில், லோசார்டான், டெல்மிசார்டான் வகைகள் கருவின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அவற்றை நிறுத்தி லபெட்டலால், நிஃபெடிபின், மெத்தில்டோபா ஆகியவற்றுக்கு மாற வேண்டும். பன்னிரண்டாம் வாரம் கடந்ததும், முன்சூல்வலிப்பைத் தடுக்க ஆஸ்பிரின் குறைந்த அளவில், இரவில். ப்ரெட்னிசலோன் சாப்பிடுகிறவருக்குச் சர்க்கரை ஏறும் வாய்ப்பு அதிகம். தமிழ்நாட்டில் எல்லாக் கர்ப்பிணிக்கும் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்துச் சோதிக்கும் முறை இருப்பதால் இது தப்புவதில்லை.

நோய் எரிகிறதா என்று கண்டுபிடிப்பது கர்ப்பத்தில் கடினம். இ.எஸ்.ஆர். கர்ப்பிணிகளுக்கு இயல்பாகவே ஏறும், அதை வைத்து ஸ்டீராய்டைக் கூட்டினால் தவறாகிவிடும். அழற்சியைக் காட்டும் இன்னொரு இரத்தச் சோதனையான சி.ஆர்.பி. ஓரளவு நம்பத்தக்கது. கழுத்துத் தமனியைத் தொட்டால் வலிப்பது, புதிதாக ஒரு நாடி மறைவது, புதிய இடத்தில் இரைச்சல் கேட்பது, இவையே நல்ல சாட்சிகள். படம் வேண்டுமென்றால் டாப்ளர், அல்லது சாய ஊசி போடாத எம்.ஆர். சி.டி. ஆஞ்சியோவும் பெட் ஸ்கேனும் பிரசவம்வரை காத்திருக்கலாம்.

நடு மாதங்கள் பெரும்பாலும் அமைதியாகக் கழியும். உடம்பில் இரத்த அளவு 40 முதல் 50 விழுக்காடு கூடி, 32-ஆம் வாரத்தை ஒட்டி உச்சம் தொடும். பெருந்தமனி சுருங்கிய பெண்ணுக்கு மூச்சிரைப்பு தலைகாட்டுவது அப்போதுதான். வயிற்றுப் பெருந்தமனியும் சிறுநீரகத் தமனியும் பாதிக்கப்பட்டவர்களின் குழந்தை எடை குறைந்து வளரும். கருப்பைத் தமனி டாப்ளரை 20 முதல் 24 வாரத்துக்குள் பார்த்து, பிறகு நான்கு வாரத்துக்கு ஒருமுறை வளர்ச்சி ஸ்கேன் எடுப்பது நல்லது. கம்பெனிப் பெண்கள் ஏழாம் மாதம்வரை வேலைக்கு வருவது வழக்கம். இ.எஸ்.ஐ. உள்ளவர்களுக்கு 2017 முதல் 26 வாரச் சம்பள விடுப்பு உண்டு. அதில் 8 வாரத்தைப் பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். பிறந்த பிறகு குழந்தையோடு இருக்கவேண்டும் என்று முழுவதையும் பின்னுக்குத் தள்ளிவைக்கும் ஆசை புரிந்துகொள்ளக்கூடியது. இந்த நோய் உள்ளவர்களோ அந்த 8 வாரத்தையும் முன்னதாகவே எடுத்தாக வேண்டும்.

ஏழாம் மாதத்தில் இன்னொரு சிக்கலும் வரும். வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவார்கள். தாய்வீடு ஜோலார்பேட்டையாகவும் இருக்கலாம், ஜவ்வாது மலையடிவாரமாகவும் இருக்கலாம். பார்த்துவந்த மருத்துவமனை மாறும், செவிலியர் மாறுவார், அட்டையைப் புகுந்த வீட்டிலேயே மறந்துவிட்டு வருவதும் உண்டு. எங்கே பிரசவம் என்பதை வளைகாப்புக்கு முன்பே குடும்பத்தோடு பேசி முடிவு செய்வது இந்தத் தொழிலில் இருப்பவர்கள் தாமதமாகக் கற்ற பழக்கம். தீவிர சிகிச்சைப் பிரிவும் இதய மருத்துவரும் உள்ள இடத்தில்தான் பிரசவம். வலி வந்தபின் 108-ஐக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று விடக்கூடாது. 38-ஆம் வாரத்தை ஒட்டி முன்னதாகவே சேர்த்துவிடுவது பத்திரம்.

டகயாசு என்பதற்காகச் சிசேரியன் தேவையில்லை. மகப்பேறு காரணம் இருந்தால் மட்டும் போதும். வலி கூடும்போதும் முக்கும்போதும் அழுத்தம் எகிறும். மெதுவாக ஏற்றும் எபிட்யூரல் அதைத் தணிக்கும். கடைசிக் கட்டத்தை வாக்குவம் வைத்துச் சுருக்கலாம். ஒரே ஊசியில் முதுகில் மரத்துப்போகச் செய்யும் முறையில் அழுத்தம் சட்டென்று விழும். கழுத்துத் தமனிகள் சுருங்கியவருக்கு அந்தச் சில நிமிடம் மூளைக்கு இரத்தம் போதாமல் போகலாம். மயக்க மருத்துவருக்கு முந்தைய வாரமே ஆஞ்சியோ படம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டியது இதனால்தான். நாளுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் ப்ரெட்னிசலோன் சாப்பிட்டு வந்தவருக்குப் பிரசவத்தின்போது ஹைட்ரோகார்டிசோன் ஊசி போட வேண்டும், அவர் உடம்பு தானாகச் சுரக்கும் அளவு அந்நேரத்துக்குப் போதாது. நஞ்சுக்கொடி விழுந்ததும் இரத்தப்போக்கை நிறுத்தக் கைப்பழக்கமாக எடுக்கும் மெத்தர்ஜின் ஊசி இவர்களுக்கு ஆகாது. இரத்தக்குழாயை இறுக்கி அழுத்தத்தை ஏற்றிவிடும். ஆக்சிடோசின் போதும். இதையும் அட்டையில் சிவப்பு மையில் எழுதிவிடுவது நல்லது.

குழந்தை பிறந்ததும் எல்லாரும் மூச்சு விடுவார்கள். ஆபத்தான வாரம் அப்போதுதான் தொடங்குகிறது. சுருங்கும் கருப்பையிலிருந்து இரத்தம் உடல் ஓட்டத்துக்குத் திரும்பி இதயத்தின் சுமையைக் கூட்டும். முதல் இரண்டு நாள் நுரையீரலில் நீர் கோக்கலாம். டிரிப் போடுவதில் கை தாராளம் கூடாது. இரத்த அழுத்தமோ பிரசவமான மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள் உச்சத்துக்குப் போகும். சுகப்பிரசவமானவரைப் பெரும்பாலும் மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அதாவது அழுத்தம் உச்சியில் இருக்கும்போது பெண் தாய்வீட்டு உள்ளறையில், அளக்க ஆளில்லாமல் படுத்திருப்பார். இந்த நோய் உள்ளவரை ஒரு வாரமாவது வார்டில் வைத்திருக்க வேண்டும். இடநெருக்கடியால் முடியாவிட்டால், பி.பி. கருவியைக் கையில் கொடுத்து, எங்கே கட்டுவது என்று கூட இருக்கும் அம்மாவுக்குப் பழக்கி அனுப்பலாம். நோட்டில் எழுதிப் போனில் படமெடுத்து அனுப்பச் சொல்கிறார்கள் இப்போது. பத்தாவது படிக்கும் தம்பி தங்கைகள் அதைத் தவறாமல் செய்கிறார்கள்.

பச்சை உடம்பு என்ற அக்கறையில் வீட்டில் நடக்கும் சிலவற்றையும் கேட்டறிய வேண்டும். ஆங்கில மருந்து சூடு, பால் வழியாகப் பிள்ளைக்குப் போகும் என்று ஸ்டீராய்டை நிறுத்திவிடுவார்கள். ஒரே நாளில் நிறுத்தப்பட்ட ஸ்டீராய்டால் மயங்கி விழுந்து வருகிறவர்கள் உண்டு. பால் சுரக்க வேண்டுமென்று கருவாட்டுக் குழம்பு கொடுப்பார்கள். அதிலுள்ள உப்பு அழுத்தத்தை ஏற்றும். தையல் வலிக்கு டைக்ளோஃபெனாக் தொடர்ந்து கொடுத்தாலும் அப்படித்தான். திட்டிப் பயனில்லை. பத்தியச் சமையலை வைத்துக்கொண்டே கருவாட்டுக்குப் பதில் உப்பில்லாத மீனும் பூண்டும் போடலாம் என்றால் பாட்டிகள் ஒத்துக்கொள்கிறார்கள்.

தாய்ப்பால் கொடுக்கலாம். ப்ரெட்னிசலோனும் அசாதியோப்ரினும் பாலில் போகும் அளவு மிகக் குறைவு. எனலாப்ரிலைக்கூட இப்போது மறுபடி தொடங்கலாம். மைக்கோஃபினோலேட்டும் மீத்தோட்ரெக்சேட்டும் பால் கொடுக்கும்வரை கூடாது. நோய் மீண்டும் எரிந்து அந்த மருந்து வேண்டியிருந்தால், பாலா மருந்தா என்ற கேள்வியைத் தாயிடம் வெளிப்படையாகப் பேசியே தீர்க்க வேண்டும். பால் வற்றவைக்க வேண்டிவந்தாலும் புரோமோகிரிப்டினைத் தவிர்க்க வேண்டும். அதுவும் இரத்தக்குழாயை இறுக்கும்.

குழந்தையின் பக்கம் ஒன்று எளிதில் தவறிவிடும். நம் ஊரில் பிறந்த கையோடு பி.சி.ஜி. போட்டுவிடுவார்கள். தாய் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் இன்ஃப்லிக்ஸிமாப் போன்ற உயிரியல் மருந்து எடுத்திருந்தால், அது நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்கும் போயிருக்கும். உயிருள்ள கிருமியால் ஆன பி.சி.ஜி.யை அந்தக் குழந்தைக்கு ஆறு மாதமாவது தள்ளிப்போட வேண்டும். வெறும் ஸ்டீராய்டும் அசாதியோப்ரினும் எடுத்த தாயின் குழந்தைக்கு வழக்கம்போல் போடலாம்.

அடுத்த பிள்ளையைத் தள்ளிவைக்கும் பேச்சு, வார்டை விட்டுப் போகும் முன்பே முடிந்தாக வேண்டும். ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை அழுத்தத்தையும் இரத்த உறைவையும் கூட்டும் என்பதால் வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசி, ஸ்டீராய்டால் ஏற்கெனவே மெலிந்த எலும்பை மேலும் மெலியவைக்கும். பிரசவமான 48 மணி நேரத்துக்குள் பொருத்தும் காப்பர்-டி இவர்களுக்கு மிகப் பொருத்தம். அரசு மருத்துவமனைகளில் செலவில்லாமல் கிடைக்கிறது. குடும்பம் போதும் என்று முடிவெடுத்தவர்களுக்கு, கணவருக்குச் செய்யும் எளிய கருத்தடைதான் பத்திரமானது, மனைவிக்கு இன்னொரு மயக்க மருந்து வேண்டியதில்லை. இதற்கு ஒத்துக்கொள்ளும் கணவர்கள் இன்னும் மிகக் குறைவு.

ஆறாம் வாரம் மறுபடி நான்கு கைகால்களிலும் அழுத்தம், சி.ஆர்.பி., சிறுநீரகச் சோதனை. தள்ளிவைத்திருந்த ஆஞ்சியோ படத்தைச் சில மாதங்களுக்குள் எடுத்து, கர்ப்பத்துக்கு முந்தைய படத்தோடு ஒப்பிட வேண்டும். உண்மை சொல்லும் உறுப்பு இந்த இடைவெளியில் மாறியிருக்கலாம். மாறியிருந்தால் அட்டையிலும் நோட்டிலும் பழைய வரியை அடித்துப் புதிதாக எழுதி, அந்தப் பகுதிச் செவிலியருக்கும் தெரிவிக்க வேண்டும். இரண்டாவது பிள்ளை வேண்டுமென்றால் பால் மறந்து, நோய் மறுபடி ஆறு மாதம் அடங்கியிருந்து, மருந்து மாற்றமும் முடிந்த பிறகுதான் காப்பர்-டியை எடுக்க வேண்டும்.